வானொலி ‘பி’ கிரேடு வாய்ப்பாட்டு ஆடிஷன்: ஏழு வாரத்தில் எதைப் பழகுவது, எதை விடுவது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆகாசவாணியில் கர்நாடக இசை வாய்ப்பாட்டுக்கு, தொடக்க நிலைத் தகுதியான ‘பி’ கிரேடு கேட்டு விண்ணப்பித்திருந்தேன். ஆடிஷனுக்கான கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கையில் ஏழு வாரம் இருக்கிறது.

எனக்கு வயது 31. பதினான்கு ஆண்டுகள் ஒரே ஆசிரியையிடம் பாடம் கேட்டேன். முதுமையின் காரணமாக அவர் இப்போது மகள் வீட்டோடு வேறு ஊரில் இருக்கிறார். தொலைபேசியில் பாடிக் காட்டினால் கேட்டுத் திருத்துகிறார், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் அவரைச் சிரமப்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. பகலில் பள்ளியொன்றில் பாட்டு ஆசிரியையாக வேலை. நான்கு பாடவேளை பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டிவிட்டு வீடு திரும்பும்போது குரல் கம்மிப் போயிருக்கும். ஆகவே அதிகாலை ஒன்றரை மணி நேரந்தான் எனக்கென்று உள்ள சாதக நேரம்.

இது என்னுடைய இரண்டாவது முயற்சி. மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் முறை சென்றபோது, பட்டியல் கனமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், பழக்கமான ராகங்களுக்கு நடுவே வாகதீஸ்வரி, நளினகாந்தி போன்றவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தேன். குழுவினர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, சொல்லி வைத்தாற்போல வாகதீஸ்வரியை ஆலாபனை செய்யச் சொன்னார்கள். எனக்கு அந்த ராகத்தில் ஒரே ஒரு கீர்த்தனை பாடம். ஆலாபனை என்று நான் பாடியது அந்தக் கீர்த்தனையின் சங்கதிகளைச் சொல்லை நீக்கிவிட்டு அகாரத்தில் பாடியதுதான். ஒரு நிமிடத்துக்குள் சரக்குத் தீர்ந்துவிட்டது. பிறகு வர்ணத்தை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், கேட்டார்கள். பதற்றத்தில் அதையும் ஓட்டிவிட்டேன். முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறை விண்ணப்பத்தோடு கொடுத்த பட்டியலில் காம்போதி, பைரவி, கல்யாணி, சங்கராபரணம், மோகனம், கேதாரகௌளை, ஆனந்தபைரவி முதலிய ராகங்களே இருக்கின்றன. பிரதானமாக, தீட்சிதரின் ‘ஸ்ரீ ஸுப்ரஹ்மண்யாய நமஸ்தே’ என்ற காம்போதிக் கீர்த்தனையை எண்ணி வைத்திருக்கிறேன். வர்ணம் பைரவி அட தாளம், ‘விரிபோணி’. இவை எல்லாமே பல ஆண்டுகளாகப் பாடி வருபவை.

இந்த ஏழு வாரத்தில் பாடாந்தரத்தை, அதாவது பாடம் செய்த உருப்படிகளை, மெருகேற்றுவதா, அல்லது அந்தந்த நேரத்தில் கற்பனையாகப் பாடும் மனோதர்மத்துக்கே முழு நேரத்தையும் கொடுப்பதா என்பதுதான் என்னுடைய முதல் குழப்பம். ஆலாபனை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதும் பிடிபடவில்லை. வீட்டில் காம்போதி பாட உட்கார்ந்தால் பன்னிரண்டு நிமிடம் போவது தெரியாமல் போகிறது, அதைச் சுருக்கினால் தலையோ வாலோ இல்லாத உருப்படியாகிறது. நான் பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை. ஆடிஷன் காலை பத்து மணிக்கு என்பதால் ஐந்துக்கு இறங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன். முன்பின் அறியாத பக்கவாத்தியக்காரர்களோடு ஒத்திகை இல்லாமல் பாடுவது பற்றியும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


ஐந்தரைக்கட்டை எழுதியது:

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னுடைய முதல் ஆடிஷனை யாரோ பார்த்து எழுதியது போல் இருந்தது. நானும் இரண்டாவது முறையில்தான் தேறினேன். என்னை முதல் முறை கவிழ்த்தது அபூர்வ ராகம் அன்று. எல்லோருக்கும் தெரிந்த கல்யாணி. கச்சேரியில் பாடுவது போலவே, கீழ் ஸ்தாயியில் நிதானமாக இரண்டு நிமிடம் உலவிவிட்டுப் பிறகு மேலே போகலாம் என்று தொடங்கினேன். பிரதி மத்யமத்தைத் தெளிவாகத் தொடுவதற்கு முன்பே ‘போதும், கீர்த்தனைக்கு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். அன்று குழுவினர் கேட்டது ரிஷபத்திலும் ஷட்ஜத்திலும் நான் நின்று கொண்டிருந்ததைத்தான். கல்யாணியை அவர்கள் கேட்கவேயில்லை.

அதனால் உங்கள் நேரத்தில் பாதியையாவது குறுகிய ஆலாபனைக்குக் கொடுங்கள் என்பேன். குறுகிய ஆலாபனை என்பது நீண்ட ஆலாபனையின் துண்டு அன்று. அது தனி உருப்படி. அதைத் தனியாகத்தான் பழக வேண்டும். நான் செய்த முறையைச் சொல்கிறேன். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஒரே ராகத்தை முதலில் நான்கு நிமிடம், பிறகு இரண்டு நிமிடம், பிறகு ஒரு நிமிடம் என்று மூன்று முறை பாடுவேன். மூன்றிலும் தொடக்கம், தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) சஞ்சாரம், இறக்கம் எல்லாம் இருந்தாக வேண்டும். ஒரு நிமிடக் காம்போதி முதல் வாரம் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில்தான், நான் நான்கு நிமிடத்தில் பாடுவதில் எவ்வளவு திரும்பத் திரும்ப வருகிறது என்பது எனக்கே உறைத்தது.

காம்போதியையே எடுத்துக்கொள்வோம். முதல் மூச்சிலேயே ‘ம க ப த ஸ’ என்ற பிடியோ, ‘ஸ நி ப த ஸ’ என்று காகலி நிஷாதத்தைத் தொட்டு வரும் பிடியோ விழுந்துவிட்டால், கேட்பவருக்கு இது ஹரிகாம்போதியா, யதுகுலகாம்போதியா என்ற கேள்வியே எழாது. அடுத்து பஞ்சமத்தைச் சுற்றி ஒரு சஞ்சாரம், தைவதத்தில் ஒரு நிற்பு, தார ஷட்ஜத்தில் சுருதியோடு ஒட்டிய கார்வை (நீண்ட நிற்பு), தார காந்தாரம் வரை ஒரு எட்டு, பிறகு விறுவிறுப்பான ஒரு பிருகாவோடு இறக்கம். இவ்வளவும் இரண்டரை நிமிடத்தில் அவசரம் இல்லாமல் அடங்கும். தார ஷட்ஜக் கார்வையை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சுருதி சுத்தத்தை நீங்கள் பறைசாற்றும் இடம் அதுதான்.

பாடாந்தரத்தில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். ஆனால் பாடம் செய்த நோட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலரும் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடம் செய்தவர்கள். ‘க’வின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டிருந்தாலும் பாடும்போது எண் எங்கோ போய்விடுகிறது. உங்கள் காம்போதிக் கீர்த்தனையில் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல் வழக்கமாக ‘வாஸவாதி ஸகல தேவ வந்திதாய’ என்ற இடத்தில்தானே? அங்கே ‘ஸகல’ என்பதில் வல்லின ‘க’ வர வேண்டும். நம் நாக்கு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ககரத்தைத் தானாகவே மெலிதாக்கி, ‘சகலம்’ என்று நாம் பேச்சில் சொல்லும் ஒலியிலேயே பாடிவிடும். ஒரு முறை வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். நிரவலில் அதே சொல் இருபது முறை வருகிறது. எனக்கு இதைச் சுட்டிக் காட்டியவர் சமஸ்கிருதம் படித்த பக்கத்து வீட்டுப் பாட்டி. சங்கீதம் அவருக்குத் துளியும் தெரியாது.

கட்டையைப் பொறுத்தவரை ஐந்துக்கு இறங்குவதில் தவறில்லை, ஆனால் இறங்குவதென்றால் இன்றைக்கே இறங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் மாற்றினால் தாரத்தில் கிடைக்கும் சௌகரியத்தை மந்திர பஞ்சமத்தில் இழந்துவிடுவீர்கள். அதைவிட முக்கியம், இந்த ஏழு வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலாவது சரியாகக் காலை பத்து மணிக்கு, குரல் பழகாமல் நேராக வர்ணத்தில் தொடங்கிப் பாருங்கள். நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் அகாரம் பாட இடம் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். எனக்கு மாடிப்படிதான் கிடைத்தது.


வில்பிடி எழுதியது:

ஓய்வு பெற்ற வயலின்காரன் நான். ஆடிஷன்களில் எத்தனையோ பேருக்கு வாசித்திருக்கிறேன். குழுவில் நான் உட்கார்ந்ததில்லை, ஆகவே தீர்ப்பு எப்படி எழுதப்படுகிறது என்று பேச எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் வில்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிவதைச் சொல்கிறேன்.

மேலே எழுதிய அம்மையார் ஆலாபனையைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். வானொலிக்கு அது புதிதும் அன்று. சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் தொடங்கிய காலத்தில், நேரடி ஒலிபரப்பில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாடியவர்கள் நம் முன்னோர். கொடுத்த நேரத்துக்குள் ராகத்தை முழுதாகக் காட்டிவிட்டுக் கீர்த்தனைக்குள் நுழையும் கலை அப்படித்தான் வளர்ந்தது. பி.வி. கேஸ்கர் 1952-ல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்தபின் இன்றைய தேர்வு முறை உருப்பெற்றபோது, பெயர் பெற்ற கலைஞர்களையும் சோதிப்பதா என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் பெயரும் முகமும் தெரியாமல் ஒலியை மட்டும் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும் என்பது அந்த முறையின் அடிப்படை எண்ணம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்: மேடையில் கையசைவும் முகபாவமும் தாங்கிக் கொடுப்பது எதுவும் இங்கே தாங்காது.

ஸ்டுடியோவைப் பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கோயில் மண்டபத்திலோ சபாவிலோ பாடும்போது உங்கள் குரல் சுவரில் பட்டு உங்களுக்கே திரும்பி வரும். அந்தத் திரும்பி வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டுதான், அறியாமலேயே, சுருதியைச் சரிசெய்துகொண்டு பாடுகிறீர்கள். ஸ்டுடியோவின் சுவர் ஒலியை விழுங்கிவிடும். வாயை விட்டு வெளியே போன ஸ்வரம் திரும்பி வருவதில்லை. முதல் முறை உள்ளே வருபவர்கள் பத்தில் எட்டுப் பேர், குரல் எழும்பவில்லை என்று எண்ணிக் கூடுதல் அழுத்தம் கொடுப்பார்கள். அழுத்தம் கொடுத்தால் சுருதி மேலேறும். இரண்டாவது உருப்படிக்குள் தொண்டை கட்டும். குரல் நன்றாகத்தான் இருக்கிறது, மைக்குக்கு அது போதும் என்று அவர்களுக்குச் சைகை காட்டவும் எனக்கு வழியில்லை.

இதற்கு வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். மெத்தை, போர்வை, துணி அடுக்கிய பீரோ இருக்கும் சிறிய அறையைத் தேர்ந்தெடுத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடுங்கள். குளியலறைப் பாட்டுக்கு நேர் எதிரான சாதகம் இது. தம்புராச் செயலியையோ சுருதிப்பெட்டியையோ மெல்லிய ஒலியில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியை ஒரு முழ தூரத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்து, அதை அன்றே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் பாடியபோது நினைத்தது காதில் விழும், பாடியது விழாது. இன்னொரு சோதனையும் உண்டு. கீர்த்தனையின் நடுவே யாரையாவது கொண்டு தம்புராவை நிறுத்தச் சொல்லுங்கள். அனுபல்லவி முழுவதையும் துணையில்லாமல் பாடி, சரணத்தின் தொடக்கத்தில் தம்புராவை மறுபடி மீட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டினால் நல்லது. ஒட்டாவிட்டால் எந்தப் பக்கம் நகர்ந்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு எப்போதும் ஒரே பக்கந்தான் நகரும்.

பக்கவாத்தியத்தைப் பற்றி அஞ்ச வேண்டாம் அம்மா. காம்போதியும் பைரவியும் எங்களுக்கும் நாள்தோறும் பழகியவை. உங்களைக் கவிழ்ப்பதில் எந்த வயலின்காரனுக்கும் ஆதாயம் இல்லை. ஆனால் நாங்கள் உங்களைத் தொடர வேண்டுமானால் எங்களுக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயங்கள்: கட்டை, தாளம், எடுப்பு (தாளத்தில் பாட்டுத் தொடங்கும் இடம்). உள்ளே உட்கார்ந்ததும் கிடைக்கும் ஒன்றிரண்டு நிமிடத்தில், வணக்கம் சொன்ன கையோடு, ‘காம்போதி, ரூபகம், நிரவல் வாஸவாதியில்’ என்று மிருதங்கக்காரரையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பலர் கூச்சத்தில் இதைக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கிவிடுகிறார்கள். ஆலாபனையில் நீங்கள் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் வயலின் பின்தொடர்ந்து முடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். அது கச்சேரி மரியாதை. இங்கே நேரம் உங்களுடையது.

ஒன்றில் மட்டும் அம்மையாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஐந்தரையில் பதினான்கு ஆண்டுகள் பாடிய குரலை ஏழு வாரத்துக்காக ஐந்துக்கு இறக்க வேண்டியதில்லை. காலையில் குரல் திறக்காதது அரைக் கட்டையால் தீரும் சிக்கல் அன்று. அதிகாலையில் சாதகம் செய்பவர் தாங்கள். பத்து மணிக்குள் உங்கள் குரல் விழித்திருக்கும்.


நவராகமாலிகை எழுதியது:

எல்லோரும் அபூர்வ ராகத்தின் பக்கமே போகாதீர்கள் என்பது போல எழுதுகிறீர்கள். நான் பட்டியலில் வைத்திருந்த ஒரு விவாதி ராகத்தைத்தான் (ஒன்றோடொன்று முரணும் ஸ்வரங்கள் வரும் ராகம்) என்னிடம் கேட்டார்கள், அதைப் பாடித்தான் தேறினேன். குழுவினரும் நாள் முழுக்க மோகனமும் கல்யாணியும் கேட்டுச் சலித்தவர்கள்தானே? வித்தியாசமாக ஒன்றைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார மாட்டார்களா?


ஐந்தரைக்கட்டை எழுதியது:

நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது உண்மைதான். அப்படி உட்கார்ந்தவர்களுக்கு ஐந்து நிமிடம் பாட நம்மிடம் இருக்க வேண்டும். உங்களிடம் இருந்தது, பாடினீர்கள். அந்த ராகத்தில் எத்தனை கீர்த்தனை உங்களுக்குப் பாடம் என்று தெரிந்தால் கேள்வி கேட்டவருக்கும் உதவும்.


நவராகமாலிகை எழுதியது:

நான்கு. எங்கள் வீட்டில் பெரியவர்கள் 72 மேளத்திலும் (தாய் ராகங்களிலும்) பாடம் செய்து வைத்தவர்கள். நீங்கள் சொல்ல வருவது புரிகிறது.


தனியாவர்த்தனம் எழுதியது:

மிருதங்கம் வாசிப்பவன் என்ற முறையில் லயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவற்றில் பெரியவர்கள் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் வர்ணம். விரிபோணி அட தாளம் என்பதால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, 14 அட்சரம் (எண்ணிக்கை): ஐந்தும் ஐந்துமாக இரண்டு லகு (தட்டும் விரல் எண்ணிக்கையும்), பிறகு இரண்டு திருதம் (தட்டும் வீச்சும்). இரண்டாம் காலத்தில் பாடும்போது சாகித்தியத்தின் ஓர் ஆவர்த்தனம் ஏழு அட்சரத்திலேயே முடிந்துவிடும். அடுத்தது இரண்டாவது லகுவின் மூன்றாம் எண்ணிக்கையில், சுண்டு விரலும் மோதிர விரலுமாக மடங்கிக் கொண்டிருக்கும் நடுவில் தொடங்கும். ஆதி தாளத்தில் இதே நிலையில் திருதத்தின் தட்டில் தொடங்குவதால் கைக்கு ஓர் ஊன்றுகோல் இருக்கிறது. அட தாளத்தில் அது இல்லை. பாடுகிறவர்கள் ஓடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஊன்ற இடம் இல்லாததால் அடுத்த தட்டை நோக்கி விரைகிறார்கள். சகோதரி அவர்கள் ‘ஓட்டிவிட்டேன்’ என்று எழுதியதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சாகித்தியத்தைப் பாடாமல், ஸ்வரத்தை மட்டும் பேச்சாகச் சொல்லி, அந்த எட்டாவது எண்ணிக்கையை மட்டும் அழுத்தமாக உச்சரித்து ஒரு வாரம் தாளம் போட்டுப் பாருங்கள்.

ஓடுகிறோமா என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஒலிப்பதிவில் பல்லவியின் முதல் ஆவர்த்தனத்துக்கு எத்தனை விநாடி, ஸ்வரம் முடிந்தபின் வரும் கடைசி ஆவர்த்தனத்துக்கு எத்தனை விநாடி என்று கடிகாரத்தில் பாருங்கள். ஆறு விநாடியில் தொடங்கி ஐந்தில் முடிந்தால் அது சிறிய வேறுபாடு அன்று.

கற்பனையாக ஸ்வரம் பாடும் கல்பனாஸ்வரத்துக்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். முடிவில் கணக்காகப் பாடும் கோர்வை ஒன்றோ இரண்டோ போதும், ஆனால் அவை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எடுப்பில் வந்து விழ வேண்டும். எடுத்துக்காட்டாக ஆதி தாளத்தில், ஒரு கலையில், எண்ணிக்கைக்கு நான்காக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. பத்து மாத்திரையில் ஒரு வாக்கியம், மோகனத்தில் ‘க ப த ஸ ரி ஸ த ப க ரி’ என்பது போல, அமைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று முறை பாடி, இடையே உள்ள இரண்டு இடைவெளியிலும் ஒவ்வொரு மாத்திரை விட்டால் 30-ம் 2-ம் சேர்ந்து 32. சமத்தில் (ஆவர்த்தனத்தின் முதல் தட்டில்) தொடங்கினால் சமத்திலேயே முடியும். பாட்டு அரை இடம் (இரண்டு மாத்திரை) தள்ளி எடுப்பதாக இருந்தால் அதே வாக்கியத்துக்கு இடைவெளியை இரண்டிரண்டு மாத்திரையாக்குங்கள். 34 ஆகிவிடும், அரை இடத்தில் கச்சிதமாகப் போய்ச் சேரும். ஒரே வாக்கியம், இரண்டு எடுப்புக்கும் ஆகிறது. ரூபகத்துக்கும் இவ்வாறே ஒன்றை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். பிறர் கட்டிக் கொடுத்த கணக்கு பதற்றத்தில் மறந்துபோகும், தானே கட்டியது மறக்காது.

தாளம் போடும் கையைப் பற்றியும் ஒரு சொல். தொடையில் ஓங்கித் தட்டினால் அது மைக்கில் பதிவாகும். சத்தமில்லாமல், ஆனால் நாங்கள் பார்க்கும்படி போடுங்கள். நிரவலில் சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது உங்கள் கையைத்தான்.

மிருதங்கக்காரரின் வசதிக்காகவும் கட்டையை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்துக்கும் ஐந்தரைக்கும் ஒரே வாத்தியத்தைத் தட்டிச் சேர்த்துவிடலாம். குளிரூட்டிய அறையில் தோல் சற்று நகரும். இரண்டு உருப்படிக்கு நடுவே நாங்கள் கல்லை எடுத்துச் சேர்க்கத் தொடங்கினால், அதைத் தாமதம் என்று எண்ணிப் பதறாமல், கிடைத்த மூச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.


காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்த நான்கு நாட்களில் சிலவற்றைச் செய்து பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

வில்பிடி ஐயா சொன்னபடி, பீரோவும் மெத்தையும் இருக்கும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். இரண்டாவது சங்கதியிலேயே, யாரோ என் வாயில் துணியை வைத்து அமுக்கியது போல இருந்தது. கத்தத்தான் செய்தேன். பதிவை மறுநாள் கேட்டபோது, கத்தாத இடங்களெல்லாம் நன்றாகவும் கத்திய இடங்களெல்லாம் ஒரு நூல் ஏறியும் இருந்தன. தம்புராவை நிறுத்தும் சோதனையிலும் நான் மேலேதான் நகர்ந்திருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் உள்ளே என்ன நடந்தது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இவ்வளவு நாளும் எல்லாப் பழியையும் வாகதீஸ்வரியின் மேல் போட்டுக் கொண்டிருந்தேன்.

தனியாவர்த்தனம் ஐயா சொன்ன எட்டாவது எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அங்கேதான் ஓடுகிறேன். ‘ஸகல’வை என் ஆசிரியையிடம் தொலைபேசியில் பாடிக் காட்டினேன். ‘நான் உனக்குச் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன், நீதான் பிள்ளைகளோடு பேசிப் பேசி மழுக்கிவிட்டாய்’ என்றார்.

ஐந்தரைக் கட்டையிலேயே இருந்துவிடுகிறேன். வாரத்துக்கு ஒரு ராகம் என்று எடுத்து, நான்கு, இரண்டு, ஒன்று என்ற கணக்கில் பாடப் போகிறேன். ஏழு வாரத்தில் நான் பெயர் சொல்லி எழுதிய ஏழும் அடங்கிவிடுகின்றன. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ராகங்களைப் பற்றி வாய்மொழியாகவும் கேள்வி கேட்பார்களா? பாட்டு நோட்டை உள்ளே எடுத்துச் செல்லலாமா?


ஐந்தரைக்கட்டை எழுதியது:

என்னிடம் கேட்டார்கள். பட்டியலில் கேதாரகௌளை இருந்ததால், சுருட்டிக்கும் அதற்கும் காந்தாரத்தில் என்ன வேறுபாடு என்று கேட்டார்கள். ‘ம க ப ம ரி’ என்று சுருட்டியின் இறக்கத்தைப் பாடிக் காட்டி, கேதாரகௌளையில் ‘ம க ரி’ என்று நேராக இறங்கிக் காந்தாரத்தில் நிற்கவும் இடம் இருப்பதைப் பாடியே காட்டினேன். அதற்கு மேல் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பட்டியலிலும் கேதாரகௌளை இருக்கிறது. ஆனந்தபைரவியும் இருப்பதால் ரீதிகௌளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். பைரவியில் ஏற்றத்தில் சதுசுருதி தைவதமும் இறக்கத்தில் சுத்த தைவதமும் வருவது உங்களுக்குத் தெரியாததன்று, ஆனால் அதையும் வாயால் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நாம் பாடித் தெரிந்து வைத்திருப்பதைச் சொல்லத் தெரியாமல் விழிப்பது வழக்கந்தான்.

நோட்டை எடுத்துச் செல்லலாமா என்பதை நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதித்தாலும் மூடியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் புரட்டும் சத்தம் மைக்குக்கு நன்றாகக் கேட்கும். கண்ணாடி வளையலைக் காரில் ஏறும்போதே கழற்றிவிடுங்கள்.